பஞ்சி இல்லை, களைப்பு

போன கார்த்திகையில் எங்கட வட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை நடந்தது. சண்டை என்று சொல்வதும் சரியில்லை. சண்டைக்கு இரண்டு பக்கம் வேண்டும். இதில் ஒரு பக்கம்தான் பேசியது. எங்களில் ஒருத்தி ஒரு நூல் விமர்சனம் எழுதித் தருவதாகச் சொல்லி ஏழு கிழமை ஆகியிருந்தது. முதலில் "எப்ப தருவீர்?" என்று கேட்டோம். பிறகு வெறும் கேள்விக்குறி போட்டோம். கடைசியில் ஒருவர் "பொறுப்பெடுத்தா செய்யோணும். பஞ்சி எண்டா முதலே சொல்லியிருக்கலாம்" என்று எழுத, ஆறு பேர் அதற்குக் கட்டைவிரல் போட்டோம். அவள் பார்த்துவிட்டாள் என்று நீல அடையாளம் காட்டியது. பதில் இல்லை. அடுத்த நாள் குழுவை விட்டுப் போய்விட்டாள்.

மாசியில்தான் கதை தெரிந்தது. பகல் முழுக்க ஒரு இடத்தில் தரவுப் பதிவு வேலை. பின்னேரம் இரண்டு வீடுகளுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம். இரவு வந்தால் அம்மம்மாவைப் பார்க்கவேண்டும். அம்மம்மா விழுந்து இடுப்பு முறிந்து கட்டிலோடு. அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை அவள் பத்துப் பதினொரு தடவை தொடங்கியிருக்கிறாள். "எழுத்தெல்லாம் தெரியுது, ஆனா வசனம் உள்ளுக்குப் போகுதில்லை" என்றாள். பிறகு சொன்னாள்: "நானும் பஞ்சி எண்டுதான் நினைச்சன். என்னை நானே பேசிக்கொண்டுதான் இருந்தனான். நீங்கள் எழுதினது எனக்குப் புதுசா ஒண்டும் இல்லை."

அந்தக் கடைசி வசனம் எங்களை விடவில்லை. அவளிடம் கேட்டு, அவள் வாசித்துச் சரி சொன்ன பிறகுதான் இதைப் போடுகிறோம். கட்டைவிரல் போட்ட ஆறு பேரும் சேர்ந்துதான் எழுதுகிறோம்.

பஞ்சிக்கும் களைப்புக்கும் என்ன வித்தியாசம்?

பஞ்சி எங்கட ஊரின் அருமையான சொற்களில் ஒன்று. மழைநாள் விடியப்புறம் போர்வைக்குள் கிடந்துகொண்டு "எழும்பப் பஞ்சியாக் கிடக்கு" என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. பிரச்சினை என்னவென்றால், ஒரு ஆள் ஒரு வேலையை ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு எங்களிடம் இந்த ஒரு பதில்தான் இருக்கிறது. கோபமாகச் சொன்னால் அது "திமிர்". கவலையாகச் சொன்னால் "போனால கெட்டுப்போச்சு". மூன்றும் சொல்ல வருவது ஒன்றுதான்: பிழை அந்த ஆளில்.

ஆனால் பஞ்சியும் களைப்பும் ஒன்றில்லை. பஞ்சிக்காரருக்கு வேலையைத் தள்ளிப்போட்டால் சந்தோசம். களைத்தவருக்குத் தள்ளிப்போட்டாலும் சந்தோசம் இல்லை. செய்யாத வேலை நாள் முழுக்கத் தலைக்குள் ஓடும், அதுவே இன்னும் களைக்கவைக்கும். பஞ்சிக்காரர் கிரிக்கெட் என்றால், கொத்துரொட்டி என்றால் எழும்பிவிடுவார். களைத்தவருக்குப் பிடித்ததும் பிடிக்காமல் போகும். பஞ்சி ஒரு நல்ல நித்திரையோடு போய்விடும். மனக்களைப்பு ஒன்பது மணித்தியாலம் படுத்தாலும் ஆளோடு சேர்ந்தே எழும்பும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று எங்களுக்குள்ளேயே கேட்டுப் பார்த்தோம். வந்த பதில்கள் ஒன்றுக்கொன்று வியக்கிற அளவுக்கு ஒத்திருந்தன. ஒரே பந்தியை மூன்று தரம் வாசிப்பது. கடைக்குப் போய் நின்றுகொண்டு எதுக்கு வந்தோம் என்று யோசிப்பது. எந்தச் சட்டை போடுவது என்ற முடிவுகூடப் பெரிய வேலையாகத் தெரிவது. "சாப்பிட்டியா பிள்ளை?" என்று கேட்ட அம்மாவிடம் சீறி விழுந்துவிட்டு, அறைக்குள் போய் அழுவது. போன் அடித்தால் எடுக்கப் பயம். பிறகு பதில் போடுவோம் என்று விட்ட செய்திகள் ஐம்பது அறுபது சேர்ந்து, இப்போது அவற்றைத் திறக்கவே பயம். ஞாயிறு பின்னேரமே திங்கட்கிழமையை நினைத்து நெஞ்சு இறுகுவது. தலையிடி, கழுத்து உளைவு, வயிற்றெரிவு.

இரவு இரண்டு மணிவரை ரிக்ரொக் பார்ப்பதையும் எல்லாரும் சொன்னார்கள். அதைப் பற்றி ஒருவர் சொன்னது முக்கியம்: "அதில ஒரு சந்தோசமும் இல்லை. ஆனா அந்த நேரத்திலதான் ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கமாட்டினம்." போனால்தான் களைப்பு என்று சொல்கிற பெரியவர்கள் இந்த வசனத்தை இரண்டு தரம் வாசிக்கவேண்டும். பகல் முழுக்கத் தன்னுடையதாக ஒரு மணித்தியாலம்கூடக் கிடைக்காத ஆள், அதை நித்திரையில் இருந்து களவெடுக்கிறார்.

இதற்கு உலகம் வைத்த பெயர் புதிதில்லை. 1974இல் ஹேர்பேர்ட் புரொய்டன்பேர்கர் என்ற உளவியலாளர் நியூயோர்க்கில் ஒரு இலவச மருத்துவ நிலையத்தில் வேலை செய்தவர்களைப் பற்றி எழுதினார். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள், இளம் ஆட்கள், ஒரு நோக்கத்தை நம்பி வந்தவர்கள். சில மாதங்களில் அவர்கள் எரிந்து முடிந்த விறகு மாதிரி ஆவதை அவர் கண்டார். தனக்கும் அது நடந்ததை ஒளிக்கவில்லை. பிறகு கிறிஸ்ரினா மஸ்லாக் என்ற ஆய்வாளர் அதற்கு மூன்று முகங்கள் இருப்பதாகக் காட்டினார்: சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலையிலும் ஆட்களிலும் வெறுப்பு வருவது, தன்னால் ஒன்றும் ஏலாது என்ற எண்ணம் பிடிப்பது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பில் இதை ஒரு நோயாக அல்ல, வேலையோடு வருகிற ஒரு நிலைமையாகச் சேர்த்தது.

அந்த "நோய் இல்லை, நிலைமை" என்பதைக் கவனியுங்கள். ஆளைக் களைக்கவைக்கிற சூழல் ஒன்று வெளியே இருக்கிறது என்பது அதன் அர்த்தம். எங்கட வாதமும் அதுதான்.

பங்கருக்குள்ள படிச்ச கதை

இதை வீட்டில் சொன்னால் என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். "நாங்கள் பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. ஜாம் போத்தலுக்குள்ள திரி விட்டுப் படிச்சனாங்கள். உங்களுக்கு என்ன குறை? களைக்குதாமோ!"

இந்தப் பேச்சுக்கு முன்னால் நாங்கள் வாயைப் பொத்திவிடுகிறோம். ஏனென்றால் அது பொய்யில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் அப்படித்தான் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவர்களும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களும் எங்கட வீடுகளில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று "எனக்கு மனசு களைச்சுப்போச்சு" என்று சொல்ல வெட்கமாகத்தான் கிடக்கு.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் விட ஏலாது. அவைக்குக் களைக்கேல்லையோ?

களைத்தது. அதைச் சொல்ல ஒரு இடம்தான் இருக்கவில்லை. யாழ் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போர் நடந்துகொண்டிருந்தபோதே இந்த மண்ணின் மனக்காயங்களை எழுதினார். அவருடைய "ஸ்கார்ட் மைண்ட்ஸ்" நூல் 1998இல் வந்தது. எங்கட ஆட்கள் மனதின் வலியை உடம்பின் வலியாகத்தான் வைத்தியரிடம் கொண்டுபோகிறார்கள் என்பது இங்கே வேலை செய்த உளமருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விசயம். அம்மாவின் தீராத தலையிடி, அப்பாவின் பேச்சில்லாத பின்னேரங்கள், மாமாவின் குடி, கதவு அடிபட்டாலே திடுக்கிடுகிற பெரியம்மா. இவையெல்லாம் வெறும் களைப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. பலது களைப்பைவிட ஆழமான மனவடு, துக்கம். ஆனால் அந்தத் துக்கத்தை இறக்கிவைத்து ஆறியிருக்க அவர்களுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. போர் முடிந்ததும் முகாம். முகாமுக்குப் பிறகு வீட்டுத்திட்டம், கடன். கடன் முடிய முதல் 2020இன் ஊரடங்கு. அது முடிய 2022இன் வரிசைகள்.

ஆகவே "நாங்கள் தாங்கினனாங்கள்" என்பது மனிசர் எதையும் தாங்கலாம் என்பதற்குச் சாட்சி இல்லை. தாங்கினதற்கு அவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கான சாட்சி. பங்கருக்குள் படித்தது அவர்களின் பெருமை. பங்கருக்குள் படிக்கவேண்டி வந்தது அவர்களுக்கு நடந்த அநியாயம். அந்த அநியாயத்தை எடுத்து அடுத்த தலைமுறைக்கு அளவுகோலாக வைத்தால், ஆகக் கூடக் கஷ்டப்பட்ட ஒருவருக்குத்தான் களைக்க உரிமை என்று ஆகும். அந்தக் கணக்கில் ஒருவருக்கும் ஓய்வு கிடையாது, அம்மாவுக்கும் கிடையாது.

வெற்றி உன் கையிலாம்

அடுத்த கூட்டம் இன்னும் சிரித்த முகத்தோடு வரும். பாடசாலை மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு "வெற்றி உன் கையில்" என்று கத்துகிற ஊக்கப் பேச்சாளர்கள். நாலு மணிக்கு எழும்பு, கனவு காண், தோல்வியைப் படியாக்கு. இப்போது இதே சரக்கு ஒரு நிமிசக் காணொளியாகவும் வருகிறது: இருபது நிமிசம் தியானம், மூன்று லீற்றர் தண்ணி, நன்றிக் குறிப்பேடு, பொசிற்றிவா யோசி.

தியானத்தோடும் தண்ணியோடும் எங்களுக்குக் கோபம் இல்லை. எங்கட கேள்வி வேறு. ஏற்கெனவே பத்து வேலையைத் தூக்க ஏலாமல் நிற்கிற ஆளிடம் இவர்கள் பதினோராவது வேலையைத்தானே கொடுக்கிறார்கள்? அதையும் செய்யாவிட்டால் அதற்கும் நீதான் பொறுப்பு. வீட்டில் "பஞ்சி" என்று திட்டுகிறவரும் மேடையில் "உன்னால் முடியும்" என்று தட்டிக்கொடுக்கிறவரும் எதிரெதிராகத் தெரிந்தாலும் சொல்வது ஒன்றுதான்: எல்லாம் உன் மனதில்தான் இருக்கு. கிணறு வற்றிக் கிடக்கும்போது வாளியைப் பேசி என்ன பிரயோசனம்?

தனிய ஓய்வெடுக்க ஏலாது

கிணறு ஏன் வற்றுகிறது என்று பார்ப்போம். ஐந்தாம் ஆண்டில் புலமைப்பரிசில், பதினோராம் ஆண்டில் சாதாரண தரம், பதின்மூன்றில் உயர்தரம். பத்து வயதில் தொடங்குகிற ஓட்டம் பத்தொன்பது, இருபதில்தான் நிற்கிறது; இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எடுப்பவர்களுக்கு அதற்கும் பிறகு. பாடசாலைக்கு முதல் ரியூசன், பாடசாலை விட்டதும் ரியூசன், சனி ஞாயிறு முழுநாள் ரியூசன்.

அதுவும் போன சில வருசங்களில் பரீட்சை எப்போது வரும் என்பதே தெரியாமல் போனது. 2021ஆம் ஆண்டுக்கான உயர்தரம் 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022க்கானது 2023 ஜனவரியில். 2023க்கானது 2024 ஜனவரியில். 2024 நவம்பரில் தொடங்கிய பரீட்சையை வெள்ளத்தால் இடையில் நிறுத்தி டிசம்பரில் தொடர்ந்தார்கள். இடையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஒரு பிள்ளையை ஓடு என்று விட்டுவிட்டு, முடிவுக் கோட்டைத் தள்ளித் தள்ளி வைத்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்? ஓட்டத்தைவிட, எப்போது முடியும் என்று தெரியாததுதான் ஆளைக் கூடக் களைக்கவைக்கும்.

சரி, அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தால் என்ன? ஏலாது. ஏனென்றால் பல்கலைக்கழக அனுமதி இசற் புள்ளியில் நடக்கிறது. நீ எவ்வளவு எடுத்தாய் என்பது மட்டும் காணாது, மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதோடு ஒப்பிட்டுத்தான் உன் இடம். நீ படுத்திருக்கிற ஞாயிறு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு லாபம். பயம் பிள்ளையின் தலைக்குள் தானாக முளைத்தது இல்லை; கணக்கே அப்படித்தான் போடப்பட்டிருக்கு.

தேர் பார்க்கப் போனவர்களுக்கு இது விளங்கும். முன்னால் நிற்பவர் எம்பினால் பின்னால் நிற்பவரும் எம்பவேண்டும். கடைசியில் எல்லாரும் நுனிக்காலில் நிற்பார்கள், ஒருவருக்கும் முதலைவிட நன்றாகத் தெரியாது, எல்லாருக்கும் கால் உளையும். தனிய ஒருவர் இறங்கி நின்றால் அவருக்குத் தேர் தெரியாது. எல்லாரும் ஒன்றாக இறங்கினால் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எல்லா ரியூசனும் பூட்டியிருந்தால் ஒரு பிள்ளையின் இடமும் பின்னுக்குப் போகாது. வடக்கில் இந்தக் கதை பல தடவை எழும்பியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பது ரியூசன் நடத்துபவர்கள் மட்டும் இல்லை, பெற்றோரும்தான். பெற்றோரைப் பிழை சொல்லவில்லை. அவர்களும் நுனிக்காலில் நிற்கிறார்கள்.

வேலைக்குப் போகிறவர்களின் கதையும் இதுதான். தனிய ஒரு தொழிலாளி "இனி ஏலாது, நான் வீட்டை போறன்" என்றால் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வரும். அதனால்தான் ஓய்வு சட்டமாக வந்தது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கு: நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், கிழமையில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை. அதற்கு மேல் வேலை வாங்கினால் மேலதிக நேரக் கொடுப்பனவு. யாழ்ப்பாணத்துப் புடைவைக் கடைகளில் காலை தொடக்கம் இரவு வரை நிற்கிற எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? அவர்களில் பலருக்கு இருக்க ஒரு கதிரைகூட இல்லை. தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று 2021இல் சட்டம் கொண்டுவந்தார்கள். கதிரை ஒரு பெரிய புரட்சி இல்லை. ஆனால் கதிரை வேண்டும் என்று ஒருவர் தனியக் கேட்டால் வேலை போகும். எல்லாரும் கேட்டால்தான் கதிரை வரும்.

வீட்டுக்குள்ள ஆர் இளைப்பாறுகினம்?

பின்னேரம் ஐந்து மணிக்கு எந்த ஊரிலும் மதகடிக்குப் போய்ப் பாருங்கள். சந்தியில், விளையாட்டுக் கழக மைதானத்தில், பண்ணைக் கடற்கரையில் ஆர் இருக்கிறார்கள்? பெரும்பாலும் பெடியள். அந்த நேரத்தில் அவர்களுடைய சகோதரிகள் எங்கே? ரியூசனில், அல்லது குசினியில். பெடியன் வேலையால் வந்தால் "தம்பி களைச்சு வந்திருக்கிறான், தேத்தண்ணி குடு." பிள்ளை வேலையால் வந்தால் அந்தத் தேத்தண்ணியைப் போடுகிற ஆள் அவள்தான். கிளிநொச்சிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள் இருட்டோடு எழும்பிச் சமைத்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

விமர்சனம் தராத எங்கட தோழியும் அந்த வரிசையில்தான் நின்றாள். அம்மம்மாவுக்கு இரண்டு பேரப்பெடியளும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் அவளுக்கு "பஞ்சி" என்று எழுதியபோது, அவளுடைய வீட்டு நாளில் எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்று யோசித்தோமா? எங்கட குழுவின் வேலையை ஒழுங்காக முடிக்கிற பெடியள் பலருக்கு வீட்டில் தட்டுக்கூடக் கழுவவேண்டியதில்லை. எங்கட "பொறுப்பு" ஆற்றையோ உழைப்பின் மேல்தான் நின்றிருக்கிறது.

திரும்பி வாறது எப்பிடி?

சூழல் மாறும்வரை பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்ல மாட்டோம். களைத்த ஆள் இன்றைக்கே மூச்சு விடவேண்டும்.

முதலில், சில விசயங்களை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். தொடர்ந்த களைப்புக்கு இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு போன்ற உடம்புக் காரணங்களும் இருக்கலாம். அரச வைத்தியசாலையில் ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரண்டு கிழமைக்கு மேலாக ஒவ்வொரு நாளும் மனம் இருண்டு கிடந்தால், ஒன்றிலும் நாட்டம் இல்லாமல் போனால், சாப்பாடும் நித்திரையும் குழம்பினால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். லீவு எடுத்தால் போகாது, அதற்குச் சிகிச்சை இருக்கு. செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அடுத்த கிழமை வரை பொறுக்காதீர்கள், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. பெரிய அரச வைத்தியசாலைகளில் உளமருத்துவப் பிரிவு இருக்கு, பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கினம். "விசர் டொக்டரிட்டை போறியோ?" என்று கேட்பவருக்கு, பல்லு நொந்தால் பல்லு டொக்டரிடம் போகிற மாதிரித்தான் என்று சொல்லுங்கள்.

மற்றதுக்கு எங்கட அனுபவத்தில் கண்டது இது. களைப்பு போவதற்கு ஒன்றைக் கூட்டுவதைவிட ஒன்றைக் குறைப்பதுதான் உதவுகிறது. எங்கட தோழி ஒரு வீட்டு ரியூசனை விட்டாள். காசு குறைந்தது, அது சின்ன விசயமில்லை. ஆனால் கிழமையில் இரண்டு பின்னேரம் திரும்பி வந்தது. அம்மம்மாவின் இரவுகளில் பாதியை மச்சான்மார் எடுக்கவேண்டும் என்று வீட்டில் கதைத்தாள். சண்டை வந்தது, பிறகு எடுத்தார்கள். நித்திரைக்கு ஒரு நேரம் வைத்து, போனை வேறு அறையில் விட்டாள். பின்னேரம் வெயில் இறங்க நடந்தாள். உடம்பைக் குறைக்க இல்லை, வெளியில் நிற்கத்தான்.

இரண்டாவது, போன் பார்ப்பது ஓய்வு இல்லை. அது வேலையை மட்டும் நிறுத்துகிறது, தலையை நிறுத்துவதில்லை. ஓய்வு என்றால் முடிந்த பிறகு கொஞ்சமாவது ஆறியிருக்கவேண்டும். உங்களுக்கு ஆறுவது எது என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும்: சிலருக்குக் கடல், சிலருக்குக் கோயில் வீதி, சிலருக்கு ஒரு வேலையும் இல்லாமல் ஒருவரோடு அலம்பிக்கொண்டிருப்பது.

மூன்றாவது, அவசரப்படாதீர்கள். மாதக்கணக்கில் வற்றியது ஒரு சனி ஞாயிறில் ஊறாது. கொஞ்சம் சரியானதும் பழையபடி எல்லாவற்றையும் தூக்கினால் திரும்பவும் விழும். தேறுவது எப்படித் தெரிந்தது என்று அவளிடம் கேட்டோம். "ஒரு நாள் பஸ்ஸுக்குள்ள பாட்டுக் கேக்கோணும் போல கிடந்தது. எத்தினையோ மாசமா அப்பிடி ஒண்டும் வரேல்லை" என்றாள்.

எங்களுக்கு நாங்களே

அரசாங்கத்தையும் ரியூசன்காரரையும் பேசிவிட்டு நாங்கள் தப்ப ஏலாது. எழுத்து, வாசிப்பு, சமூகம் என்று கூடிய நாங்களும் ஒரு சின்னத் தொழிற்சாலையைத்தான் நடத்திக்கொண்டிருந்தோம். சம்பளம் இல்லாத தொழிற்சாலை. ஆகவே சிலதை முடிவெடுத்திருக்கிறோம். இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் குழுவில் வேலைக் கதை இல்லை. ஒருவர் எடுத்த வேலையை காரணம் சொல்லாமல் திருப்பித் தரலாம். "இப்ப ஏலாது" என்றால் காணும். மாதத்தில் இத்தனை கட்டுரை என்ற கணக்கை விட்டுவிட்டோம். இனி இந்தப் பக்கத்தில் குறைவாகத்தான் எழுத்து வரும், மன்னியுங்கள். வேலை பிரிக்கும்போது வீட்டில் ஆருக்கு என்ன சுமை என்று முதலில் கேட்போம்.

வெளியே கேட்பதும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை ரியூசன் இல்லாத நாளாகட்டும், எல்லா இடத்திலும், எல்லா வகுப்புக்கும். கடைகளில் கதிரை வரட்டும். 1954இன் சட்டத்தை வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொள்ளட்டும். மீறினால் மாவட்டத் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம், முறையிடப் போகிறவரோடு இன்னும் நாலு பேர் போகட்டும். பின்னேரத்துக் கடற்கரையும் மைதானமும் பெண் பிள்ளைகளுக்கும் உரியதாகட்டும்.

பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பங்கர்க் கதையைச் சொல்லுங்கள், நிறுத்தவேண்டாம். ஆனால் அடுத்த முறை சொல்லும்போது, அப்போது உங்களுக்கு எவ்வளவு களைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாங்கள் இருந்து கேட்கிறோம்.

எங்கட வயதுக்காரரிடமும் ஒன்று. குழுவில் ஒருவர் பதில் போடாமல் இருந்தால் கேள்விக்குறி போடாதீர்கள். போய்ப் பாருங்கள். ஏலாவிட்டால் ஒரு கோல் எடுத்து "சாப்பிட்டீரா, நித்திரை கொள்ளுறீரா?" என்று கேளுங்கள். நாங்கள் ஏழு கிழமை அதைக் கேட்கவில்லை.

அந்தப் புத்தகம் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. விமர்சனம் வந்தால் போடுவோம். வராவிட்டாலும் ஒன்றும் இல்லை.